ஒரு சொட்டு எறங்காத ஷீட்டு

தேவாலாவக்கூட தாண்டல மிஸி. ஊட்டி வரைக்கும் தாங்கும்னு சொன்னீங்க. தேவாலா பஸ் ஸ்டாண்டு வர்றதுக்குள்ள எல்லாம் போச்சு. தோட்டத்து நர்சு நீங்கதானே சொன்னீங்க? இதே மேசையில கைய ஊனிக்கிட்டு, "தெய்வம்மா, பெரிய துணிக்கு உள்ள ஒரு பேடு வச்சா மூணு மணி நேரம், ரெண்டு பேடு வச்சா ஊட்டி"ன்னு. நா ரெண்டு வச்சேன். நீங்க காட்டிக் குடுத்த மாதிரியேதான்... பஞ்ச நீட்டமா வச்சு, வலைத்துணியில சுத்தி, நாலு பக்கமும் தையல் போட்டு. தையல வேணும்னா பாருங்க, என் கையால தச்சது. சுசீலா தச்சா இவ்வளவு நெருக்கமா வராது, அவளுக்குப் பொறுமை பத்தாது. கல்யாணம் ஆவப்போற புள்ள, இப்ப அதச் சொல்லி என்னா பண்றது.

இல்ல இல்ல, நீங்க பேண்டேஜ் சுத்துங்க. ஒங்க வேலைய நா ஏன் கெடுக்கணும். நா பாட்டுக்கு நின்னுக்கிட்டே சொல்லிட்டுப் போயிர்றேன்.

சுசீலா அப்பாவா? கூடத்தான் வந்திருக்காரு. வெளிய தாவாரத்துல நிக்கிறாரு. பெஞ்சு போட்டுக் கெடக்குதே, உக்காருங்கன்னேன். காதுலயே வாங்கல. பதினொரு நாளா மனுசன் எங்கயும் உக்கார மாட்டேங்குறாரு மிஸி. குடியிருக்குற சொந்தக் காம்பராவுல சாக்கு விரிச்சா உக்காருவாரு, அவ்வளவுதான். நேத்து கோயில் கமிட்டிக்காரங்க நாற்காலி போட்டு, உக்காருங்க கங்காணின்னு கையப் புடிச்சு இழுக்குறாங்க, இவரு முழங்கால்ல வலி, நின்னாத்தான் சொகம்ங்குறாரு. முழங்கால்ல வலின்னா நின்னா சொகமா இருக்குமா? பொய் சொல்லக்கூட தெரியாத மனுசன்.

ஆபரேசன் முடிஞ்சு எட்டு மாசம் ஆச்சு, ஒங்களுக்குத் தெரியாததா. கோயமுத்தூர்ல நீர்ப்பையில கத்தி வச்சாங்க, உசுரு பொழச்சுது, அதுல எனக்கு ஒரு குறையும் கெடையாது. மூத்திரந்தான் சொல்லாம கொள்ளாம வருது. ஒரு வருசத்துல தானா சரியாவும்னு டாக்டரு சொன்னாரு. ஆவட்டும். ஆனா கல்யாணம் வர்ற வெள்ளிக்கெழம. அது காத்துக்கிட்டு இருக்குமா?

மாப்புள்ள செல்லதுரைய நீங்க பாத்ததில்லீல்ல? வெலிங்டன்ல மிலிட்டரி ஸ்டோர்ல வேலை. பட்டாளம் இல்ல, சிவிலு. மண்டபம் கேம்ப்புல எங்களுக்கு அடுத்த தடுப்புல இருந்த குடும்பம்... சிலோன்ல இருந்து கப்பல் எறங்கி மூணு மாசம் அந்தக் கேம்ப்புல கெடந்தோம், நடுவுல ஒரு சாக்குத் துணிதான் சொவரு. அவுங்க வீட்டுல என்னா கொழம்புன்னு எங்களுக்குத் தெரியும், நாங்க என்னா சண்டைன்னு அவுங்களுக்குத் தெரியும். அதுக்கப்புறமும் பொண்ணு கேட்டு வந்தாங்கன்னா எப்பேர்ப்பட்ட மனுசங்கன்னு பாத்துக்கங்க. கேம்ப்புல அவுங்களுக்கு வேலைக்கு எழுதினது குன்னூர்ப் பக்கம், எங்களுக்கு எழுதினது இந்தச் சேரம்பாடி. குன்னூர்லயும் மழை பேயும், ஆனா நின்னு நின்னு பேயும். இங்க பாருங்க, ஆடி போயி ஆவணி பொறந்தும் மழை விடல...

எங்க விட்டேன்? ஆங், கல்யாணம். பொண்ணு பக்கம் அப்பன் மணையில உக்காந்து தாரை வாக்கணும். எவ்வளவு நேரம்? ஐயரு ஒரு மணி நேரம்ங்குறாரு, ஐயரு ஒரு மணின்னா ரெண்டு மணின்னு எடுத்துக்கங்க. அதுக்கு மொதல்ல குன்னூருக்குப் பக்கத்துல மாப்புள்ள ஊரு வெலிங்டனுக்குப் போய்ச் சேரணும். வியாழக்கெழம காலையில ஆறு மணி பஸ்ஸு, கூடலூர்ல எறங்கி ஊட்டி பஸ்ஸு, ஊட்டியில எறங்கி குன்னூர் பஸ்ஸு. அதுக்குத்தானே மிஸி ஒங்ககிட்ட வந்து நின்னேன். நீங்களும் நல்ல மனசுல சொல்லிக் குடுத்தீங்க. பெரிய துணி, அதுக்கு மேல இடுப்ப சுத்தி ரப்பர் நிக்கரு, துணிக்கு உள்ள பேடு. துணி குடிக்கிறதோட பேடும் சேந்து குடிக்கும்னீங்க. குடிக்கிற பேடா அது? இன்னும் கேளுங்க, முழுசா கேளுங்க.

கல்யாணத்தன்னிக்கு மொத மொதலா கட்டிப் பாக்கக் கூடாது, ஒரு ஒத்திகை பாத்துருவோம்னு நாந்தான் சொன்னேன். நாடுகாணி வரைக்கும் போயி ஒரு தேத்தண்ணி குடிச்சிட்டுத் திரும்புவோம்னு. எட்டு மாசத்துல மொத தடவையா அவரு பஸ் ஏறுறாரு. வெள்ளை சட்டை, வேட்டி, தலைக்கு எண்ணெ... சன்னலோரம் உக்காந்துக்கிட்டு ஒவ்வொரு தோட்டத்தையும் பாத்து, இந்த மலையில செடிய கவ்வாத்து வெட்டினது சரியில்ல, அந்த மலையில புல்லு வெட்டலன்னு வாய் ஓயாம பேசிட்டு வந்தாரு. எனக்கு என்னா சந்தோசம்னு நெனைக்கிறீங்க. பழைய மனுசன் திரும்பி வந்துட்டாருன்னு நா பாட்டுக்கு சிரிச்சிட்டு வர்றேன்.

தேவாலாவுக்கு இந்தப் பக்கம் பேச்சு நின்னு போச்சு. திரும்பிப் பாத்தா மூஞ்சி வெளுத்திருக்கு. டக்குன்னு எந்திரிச்சிட்டாரு. பக்கத்துல ஒரு வயசான மலையாளத்துக்காரரு கம்பியப் புடிச்சிக்கிட்டு நிக்கிறாரு, நல்ல வெள்ளை வேட்டி. வயசானவங்களுக்கு எடம் விடுறாரேன்னு கும்புட்டுட்டு அந்த எடத்துல உக்காந்துட்டாரு மிஸி. நா என்னான்னு சொல்லித் தடுப்பேன்? உக்காந்தவரு உக்காந்த வேகத்துல எந்திரிச்சு, பின்னால தடவிப் பாத்துட்டு, "பஸ்ஸு சோருந்நுண்டல்லோ"ன்னு, பஸ்ஸு ஒழுகுதாம், கத்துறாரு. கண்டக்டரு ஓடி வந்து மேல கூரைய அண்ணாந்து பாக்குறாரு. வெரலால ஆணிய ஒவ்வொன்னா தடவுறாரு. நேத்துதான் தாரு அடிச்சோம், எங்க ஒழுகுதுன்னு தெரியலியேங்குறாரு. பஸ்ஸுல இருக்குற அத்தன பேரும் கூரைய பாக்குறாங்க. நானும் பாத்தேன். வேற என்னா செய்யச் சொல்றீங்க? நானும் சேந்து அண்ணாந்து பாத்தேன்.

சிரிங்க, சிரிங்க. இன்னிக்கு நெனைச்சா எனக்கும் சிரிப்புத்தான் வருது. அன்னிக்கு வரல.

நாடுகாணியில எறங்கினோமா, மழை ஊத்துது. நா குடைய விரிச்சேன். மனுசன் குடைக்குள்ள வர மாட்டேங்குறாரு. கொட்டுற மழையில நடு ரோட்டுல போயி நிக்கிறாரு. "ஏங்க, பைத்தியமா, குடைக்குள்ள வாங்க"ங்குறேன். "இரு தெய்வம்மா, நல்லா நனையட்டும்"ங்குறாரு. தலைமுதல் கால்வரைக்கும் ஒன்னுபோல நனைஞ்ச பொறகுதான் கடைக்குள்ள வந்தாரு. அப்பத்தான் எனக்குப் புரிஞ்சது மிஸி. எல்லாம் நனைஞ்சிட்டா எது எந்த ஈரம்னு யாருக்குத் தெரியப்போவுது? நானூறு ஆள வரிசையில நிக்க வச்சு, பேர் கூப்புட்டு பெரட்டு எடுத்த மனுசன். அவரு குரல் கேட்டா மேல்மலையில இருக்கவங்ககூட கைய ஒதறிட்டு நிமிருவாங்க. அந்த மனுசன் மழையில நின்னு வேட்டிய மறைக்குறாரு.

அன்னைக்கிருந்து ஒரே சொல்லுதான். "நா வெலிங்டன் வரல. ஒன் தம்பிய உக்கார வச்சு தாரை வாத்துக் குடுத்துரு." சுசீலா கல்யாணச் சேலைய மடிச்சு டிரங்குப் பொட்டியில வச்சுப் பூட்டி, சாவியக் கொண்டாந்து என் கையில குடுத்துட்டுப் போறா. அவ அப்பனுக்குத் தப்பாத புள்ள. பேச மாட்டா, சாவியத்தான் குடுப்பா.

அதான் மிஸி எனக்கு ஆத்திரம். நீங்க குடுத்த பஞ்சு சரியில்ல. ஒங்களச் சொல்லல, பஞ்சச் சொல்றேன். வீட்டுக்கு வந்து அவுத்துப் பாக்குறேன், மொத பேடு சொதசொதன்னு இருக்கு, ஓரமெல்லாம் வழிஞ்சு நிக்கருக்கு வெளியவும் வந்திருக்கு. ரெண்டாவது பேட எடுத்தா... என்னான்னு சொல்ல, நடுவுல அப்பிடியே காஞ்சு கெடக்குது. தச்சு முடிச்ச அன்னிக்கு எப்பிடியோ அப்பிடி. மேல வெள்ளமா ஓடுது, கீழ இருக்கது ஒரு வாய் குடிக்கல. அதுக்குக் கீழ பெரிய துணி, அதுவும் நடுவுல காஞ்சு கெடக்குது. அப்ப அது என்னா பஞ்சு? குடிக்காத பஞ்சுக்குப் பேரு பஞ்சா?

ஏன் அப்பிடிப் பாக்குறீங்க? பொய்யில்ல மிஸி, தெய்வ சத்தியமா காஞ்சிதான் கெடந்துச்சு.

தொவைக்கிறதும் காயப்போடுறதும் நானு. அது வேற கதை. இந்த ஊர்ல துணி எங்க காயுது? அடுப்புக்கு மேல கொடி கட்டிப் போட்டா ஒரு பேடு காய மூணு நாளு. பக்கத்துக் காம்பரா மூக்கம்மா இருக்காளே, அவளுக்கு நம்ம கொடியப் பாக்காட்டி சோறு எறங்காது. "ஏனுங்கக்கா, இத்தன வெள்ளத் துணி எதுக்குங்க?"ன்னு கேட்டா. நா என்னா சொல்லுவேன்? வாயில வந்தத சொன்னேன், கல்யாணத்துக்கு இட்லித் துணின்னு. அவ அதோட விட்டாளா? "நல்லாக் கனமா இருக்குதுங்க, எனக்கு ஒன்னு குடுங்களே, தீவாளிக்கு இட்லி ஊத்திக்கிறேன்"ங்குறா. அதக் குடுப்பனா மிஸி? சுசீலாவுக்குன்னு வச்சிருந்த புது மல்லுத் துணியில ஒரு மொழம் கிழிச்சுக் குடுத்தேன். "கொடியில இருக்கறதுதான் கனமா இருந்துது"ன்னு அவளுக்கு இன்னும் ஒரு கொறை.

இருங்க, எடுத்துக் காட்டுறேன். பையிலதான் இருக்கு. புதுசா கட்டி வச்ச செட்டு, அன்னிக்குக் கட்டின மாதிரியே அச்சு அசலா. நீங்களே பாத்து எதுல கோளாறுன்னு சொல்லுங்க. இது பெரிய துணி. இது மொத பேடு, ஒடம்போட ஒட்டி இருக்கது. இது ரெண்டாவது பேடு. இது... இதா? இது மழைக்கு இடுப்புல கட்டுற நம்ம ரப்பர் ஷீட்டு.

நடுவுலதான். மொத பேடுக்குக் கீழ ஒன்னு, ரெண்டாவது பேடுக்குக் கீழ ஒன்னு. இது நீங்க சொல்லலதான், நா யோசிச்சு வச்சது. சொன்னா நீங்களே மெச்சுவீங்க. தேயிலைக் கொழுந்து எடுக்கப் போறப்ப நாங்க எப்பிடிக் கட்டுவோம்? உள்ள சேலை, சேலைக்கு மேல சாக்கு, சாக்குக்கு மேல ஷீட்டு. ஈரம் எந்தப் பக்கமோ அந்தப் பக்கம் ஷீட்டு. மழையும் செடித் தண்ணியும் ஷீட்டோட ஓடிரும், உள்ள இருக்கது காஞ்சிருக்கும். அதே கணக்குத்தான் இங்கயும். மொத பேடு நனையட்டும், அதுக்குக் கீழ ஷீட்டு இருந்தா ரெண்டாவது பேடு காஞ்சிருக்கும், பெரிய துணியும் காஞ்சிருக்கும். தொவைக்க ஒரே ஒரு பேடுதான். மழையில அதாவது காயுமுல்ல?

இந்த ஷீட்டு லேசுப்பட்டதுன்னு நெனைக்காதீங்க. சிலோன் ஷீட்டு. பதினெட்டு வருசம் இதக் கட்டிக்கிட்டுத்தான் அங்க மழையில நின்னேன். கப்பல் ஏறையில, என்னா இது பழைய குப்பைன்னு ஒரு ஆளு வீசப் பாத்தாரு. இடுப்புல சுத்திக் கட்டிக்கிட்டேன், இப்ப வீசுங்க பாப்போம்னேன். ராமேஸ்வரத்துல இந்த ஷீட்டோடதான் கரையில கால வச்சேன். அத மனசு வந்து வெட்டினேன்னா அவருக்காகத்தான் வெட்டினேன். வேற யாருக்காக வெட்டுவேன்? மேல அணையவே ஊத்தினாலும் ஒரு சொட்டு எறங்காது மிஸி. ஒரு சொட்டு...

ஏன் பேண்டேஜ கீழ வச்சிட்டீங்க?

தம்ளரு எதுக்கு? ஐயய்ய, தண்ணிய அதுல ஊத்தாதீங்க, கல்யாணத்துக்குக் கட்டினது அது, காயவைக்க மறுபடியும் மூணு நாளு... ஊத்திட்டீங்க. சரி ஊத்துங்க. ஒங்க மேசை, ஒங்க தண்ணி. பாருங்க, மொத பேடு குடிக்குது. குடிக்குது... அதுக்கு வயிறு ரொம்பிருச்சு. இப்ப பாருங்க, நா சொன்னேன்ல, ஓரமா வழியுது. மேசையெல்லாம் ஓடுது. இந்தப் பக்கமும் வருது. இதத்தான் நா சொன்னேன், ரெண்டாவது பேடு குடிக்க மாட்டேங்குதுன்னு...

ஷீட்ட ஏன் உருவுறீங்க?

ரெண்டையும் எடுத்துட்டீங்களா. சரி. காஞ்ச பேடா வச்சு ஊத்துங்க, அதுதானே நியாயம். இந்தா இன்னொரு பேடு. ஊத்துங்க. ஒரு தம்ளரு. குடிச்சிருச்சு. ரெண்டாவது தம்ளரு... எங்க போவுது தண்ணி? இருங்க, கைய வச்சுப் பாக்குறேன். கீழ பேடு நனையுது. மூணாவது தம்ளருமா? ஊத்துங்க, ஊத்துங்க. மேசையில வரல. ஓரத்துல வரல. பெரிய துணி இப்பத்தான் லேசா ஈரமாவுது...

மிஸி.

கொஞ்சம் இருங்க. அந்த ஸ்டூல இப்பிடித் தள்ளுங்க, உக்காந்துக்கிறேன்.

அப்ப பஞ்சு மேல ஒரு கொறையும் இல்ல. கீழ போக வழியில்லாமத்தான் பக்கத்துல போயிருக்கு. நாந்தான் வழிய அடச்சு வச்சேன். ஒரு சொட்டு எறங்காது, எறங்காதுன்னு நானே பெருமையா சொல்லிக்கிட்டு, ஏன் எறங்கலன்னு ஒங்க மேல பாய வந்திருக்கேன். மழை வெளியிருந்து வந்தா ஓட விடணும், உள்ளயிருந்து வந்தா குடிக்க விடணும். இது தெரியல எனக்கு. ரெண்டு துணி தொவைக்கச் சோம்பப்பட்டு அந்த மனுசன நடு ரோட்டுல நனைய விட்டேனே.

இல்ல, நீங்க சிரிங்க. நானும் சிரிக்கிறேன். கண்ணுல தண்ணி வந்தா வந்துட்டுப் போவுது.

இன்னொன்னையும் சொல்லிர்றேன், கேட்டா திட்டுவீங்க. பஸ்ஸுல இருந்து வந்த அன்னிக்கு ராத்திரி அவரத் திட்டினேன். "தேத்தண்ணி தேத்தண்ணின்னு குடிச்சா எந்தத் துணிதான் தாங்கும்"னு. மறுநாளுல இருந்து காலையில அரைத் தம்ளரு, சாயந்தரம் அரைத் தம்ளரு, அவ்வளவுதான் குடுக்குறேன். அவரும் கேக்கல. சிலோன்ல இருந்தப்ப ஒரு நாளைக்கு ஏழு தேத்தண்ணி குடிச்ச மனுசன், அரைத் தம்ளர ரெண்டு கையாலயும் புடிச்சிக்கிட்டு, தீந்துருமேன்னு மெல்ல மெல்ல குடிக்குறாரு. பாத்தும் பாக்காத மாதிரி இருந்தேன் மிஸி. பாவி நானு.

தெரியும், தெரியும். குடிக்காம இருந்தா இன்னும் எரியும், அதுதானே? ரெண்டு நாளா எரியுதுன்னுதான் சொன்னாரு. இனிமே நிறுத்த மாட்டேன். சத்தியம் பண்ணணுமா? ஒங்க ஊசிப் பொட்டி மேல பண்றேன்.

இந்த ஷீட்டு என்னா செய்ய? வெட்டினத ஒட்டவா முடியும்... எங்க? எல்லாத்துக்கும் அடியிலயா? பஸ் சீட்டுல விரிச்சு அதுக்கு மேல உக்காரலாம். அட ஆமா. மலையாளத்துக்காரங்க வேட்டியும் தப்பிக்கும், கண்டக்டரும் ஆணி தடவ வேணாம். ரெண்டு துண்டு இருக்கு, ஒன்ன மணையில விரிச்சிருவேன், மேல ஜமுக்காளம். சிலோன் ஷீட்டு கல்யாணத்துல உக்காரட்டும். நா மட்டும் உக்காந்தாப் போதுமா.

அங்க அடுப்புல கொதிக்குதே, அது ஊசித் தண்ணியா, வெறுந்தண்ணியா? வெறுந்தண்ணின்னா கொஞ்சம் தேயிலை போடுங்க மிஸி. பாலு வேணாம், சீனி கூட. நம்ம தோட்டத்துத் தூளா? கடைசித் தரம் டஸ்டுதான் குடுத்திருப்பாங்க, பரவால்ல, அவரு கண்டுபுடிச்சு ரெண்டு வார்த்தை பேசுவாரு, பேசட்டும். மொதல்ல அவரு கட்டியிருக்க செட்ட மாத்திருவோம். பையில காஞ்ச துணியும் ரெண்டு பேடும் இன்னும் இருக்கு. ஷீட்டு இல்லாம. நீங்களே கட்டி விடுங்க, என் கைய நம்பாதீங்க.

ஏங்க. ஏங்க, உள்ள வாங்க. எல்லாம் கேட்டுக்கிட்டுத்தானே நின்னீங்க? ஆமா, கூரை கதையும்தான் சொன்னேன். மிஸிதானே, அந்நியமா. அந்தத் தெரைக்குப் பின்னால போங்க, மிஸி பாத்துக்குவாங்க. என்னைய மொறைக்காதீங்க. தப்பு ஒங்க மேல இல்ல, ஒங்க ஒடம்பு மேலயும் இல்ல. என் மேல. வெளிய போயி சொல்ல மாட்டேன், இங்க ஒருதடவ சொல்லிட்டேன், கேட்டுக்கங்க.

ஆச்சா மிஸி? ஆச்சா. வாங்க, இந்தப் பெஞ்சுல உக்காருங்க. பெஞ்சுலதான். நா சொல்றேன்ல, உக்காருங்க. இந்தாங்க தேத்தண்ணி. அரைத் தம்ளரு இல்ல, முழுத் தம்ளரு, மெல்ல ஒன்னும் குடிக்க வேணாம். மிஸி, அந்த மணியப் பாத்துக்கங்க, அரை மணி நேரம் இப்பிடியே உக்காந்திருக்கட்டும். நா மேசையத் தொடைக்கிறேன், நாந்தானே காரணம். தூளு டஸ்டாமா? சொல்றாரு பாருங்க. சொன்னேன்ல.

கைய எடுங்க, பெஞ்ச எதுக்குத் தடவிப் பாக்குறீங்க? காஞ்சுதானே இருக்கு? நா சொன்னா நம்ப மாட்டீங்க, நல்லாத் தடவிப் பாத்துக்கங்க. அந்தப் பக்கமும் பாருங்க.

என்னா? சத்தமா சொல்லுங்க, மிஸிக்கும் கேக்கட்டும்.

இன்னொரு தம்ளரு கேக்குறாரு மிஸி.